கிணற்றுத் தண்ணீரில் ஒரு நாவல் ஜெலி

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

சொல்ல வெட்கம்தான். ஜெலிக்கென்று பொறுக்கிய நாவற்பழத்தில் கால்வாசியைக் காம்பு கிள்ளும்போதே நான் தின்றுவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து தங்கச்சி வீடியோவில் வந்தாள். ஊதா நாக்கை நீட்டிக் காட்டினேன்.

"எனக்கு மிச்சம் இருக்கோ அக்கா?"

"கொட்டை இருக்கு, அனுப்பட்டோ?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் பேச முடியவில்லை. இப்போது அவளுக்குக் கட்டியாக எதையும் விழுங்க ஏலாது. அதனால்தான் ஜெலி கேட்டாள். என் மனுசனின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை கனடா போகிறான். அவனிடம் கொடுத்துவிட வேண்டும்.

"வாங்கின தண்ணியிலை அவிக்காதேங்கோ. எங்கட கிணத்துத் தண்ணியிலை அவியுங்கோ. அந்த உவர் வேணும்."

அந்தத் தண்ணீரை இப்போது நாங்களே வாயில் வைப்பதில்லை. ஓம் என்றேன்.

"வாற வருசம் நீயே வந்து அள்ளடி."

"நாக்கை இன்னொருக்கா காட்டுங்கோ அக்கா" என்றாள். காட்டினேன்.

உவர்த் தண்ணீரிலேயே அவித்தேன். வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். பிழிந்தால் ஜெலி கலங்கிவிடும், தானாக வடிய வேண்டும். சொட்டுகளைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

நாளை கோயிலுக்குக் கட்ட எடுத்துவைத்த வேட்டியை மனுசன் அலுமாரியில் தேடுகிறார். அது குசினி அடுப்புக்கு மேலே வடிகிறது.