தொழுவத்தை ஒட்டிய வீடு

டெவன், இங்கிலாந்து,
மார்ச் 9

அன்புள்ள தம்சின்,

பழைய கட்டடங்களின் வரலாறு எழுதும் பெண் இன்று நம் பண்ணைக்கு வந்தாள். உத்தரங்களைத் தட்டிப் பார்த்தாள்.

"முதல்ல தொழுவம்தாங்க. மாட்டுச் சூடு வரட்டும்னு அப்புறம் வீட்டை ஒட்டிக் கட்டியிருக்காங்க. விவரமான ஆளுங்க," என்று சிரித்தாள்.

காசநோய்ச் சோதனை முடியும்வரை புதுக் காளையைத் தனியே கட்டச் சொன்னாய். நான் கேட்கவில்லை; நோய் மற்ற மாடுகளுக்கும் பரவியது. நீ குழந்தையோடு கிளம்பிய மறுவாரம், மிச்சமிருந்த பதினேழு மாடுகளையும் அரசு ஆட்கள் வெட்டுக்கு ஏற்றிப் போனார்கள்.

"இப்ப தொழுவத்துல என்ன இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

உன் பெயரையும் குழந்தையின் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

அறிக்கை மாதக் கடைசியில் அச்சாகிறதாம். அந்த இரு பெயர்களும் அதில் இருப்பது தவறென்றால் அதற்குள் எழுது. திருத்தச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நான்