வாஷிங் மெஷின் மேல் எழுதியது

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே வெயில். கொஞ்சம் புகைமூட்டம்.

கையெழுத்து கோணல்மாணல். மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை, படிக்கப்போவது நான் ஒருவன்தான். சமையல்கட்டில் வாஷிங் மெஷின் மேல் நோட்டை வைத்து, நின்றுகொண்டு எழுதுகிறேன். மெஷின் துணி பிழியும்போது என் எழுத்தும் சேர்ந்து ஆடுகிறது. 'கு' போட்டால் வால் எங்கோ போகிறது. எழுபத்து நான்கு வயதில் வால் போட வருகிறதே! அதுவே போதும்.

பேத்தி யாழினி வந்து போனாள். இந்த ழ எழுதி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. இனி யா. என்று போடுகிறேன்.

யா. ஷா ஆலம் டவுன் பக்கம் டிசைன் டிகிரி படிக்கிறாள். கடைசி வருடம். ஒரே பாடம் கிடையாது. மரம் அறுக்கிறார்கள், துணி தைக்கிறார்கள், அச்சடிக்கிறார்கள், போனுக்குள்ளும் ஏதோ செய்கிறார்கள். எல்லாம் சேர்ந்ததுதான் டிசைனாம். வயதான பிறகு எழுதப் படிக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக ஒரு பெட்டி செய்திருக்கிறாள். அதுதான் கடைசிப் பரீட்சை. சோதித்துப் பார்க்கக் கிடைத்த ஆள் நான்.

பெட்டியில்:
மடக்கு மேசை, தரையில் உட்கார்ந்து எழுத.
எழுத்து அட்டைகள்.
பேனா வைக்கத் துணிப்பை, குட்டிப் பொத்தானோடு.
போனுக்குள் எழுத்தைச் சொல்லித்தரும் ஒரு பெண் குரல்.

வீடியோ எடுத்தாள்.

"மேசை எப்படி தாத்தா?"
"நல்லா இருக்கு."
"அட்டை?"
"நல்லா இருக்கு."
"பை?"
"ரொம்ப நல்லா இருக்கு, கண்ணு."

பேப்பரை எடுத்து ஒரு பக்கம் படித்துக் காட்டினேன். மரண அறிவிப்புப் பக்கம். யாரோ செத்ததைத் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டு நான் சிரித்தேன். பாவம். யா. குதித்தாள். "மூணு மாசத்துல! என் பெட்டி வேலை செய்யுது தாத்தா!"

வேலை செய்யவில்லை.

தரையில் உட்கார்ந்தால் முட்டி எழவிடாது. அட்டையில் எழுத்து வெளிர்நீலம். அழகுதான், என் கண்ணுக்கு வெறும் அட்டை. பொத்தான் விரலில் அகப்படாது. போனைத் தொட்டால் அந்தப் பெண் ஓடிவிடுகிறாள். முதல் வாரமே எல்லாவற்றையும் பழைய வேட்டியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். யா. வருகிற ஞாயிறு மட்டும் வெளியே எடுப்பேன்.

எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு மேரிம்மா.

ஜூலை 7, திங்கள்

துணி துவைத்தேன். ஜெராமிலிருந்து வரும் மீன்காரன் வரவில்லை. முட்டைதான்.

மே.ம்மா பாடம். பெரிய எழுத்து பைபிள், எங்கள் மெஷின் மேல் விரித்து. ரப்பர் தோட்டத்தில், தாய்மார் பால்மரம் வெட்டப் போகும்போது, ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவள். எத்தனை பிள்ளைக்கு அ போட்டுக் கொடுத்தாளோ. தொடங்கும்போதே கேட்டேன், எங்கள் முனியாண்டி கோவித்துக்கொள்வாரா என்று. "எழுத்து எல்லாருக்கும் பொதுதான், அண்ணே. நீங்க கண்ணாடிய மாட்டுங்க."

இன்று அவள் முகம் சரியில்லை. கேட்டேன்.

"நேத்து போகும்போது பாப்பா வீடியோ காட்டுச்சு. அந்தப் பெட்டிதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்துச்சுன்னு அது குதிக்குது, நீங்களும் தலையாட்டுறீங்க."

பக்கத்தைத் திருப்பினேன். அவளும் திருப்பினாள்.

ஜூலை 8, செவ்வாய்

மழை வரும்போல் இருட்டி, வரவில்லை.

யா. போன் செய்தாள். அடுத்த புதன்கிழமை காலேஜில் ஷோ. வெளியிலிருந்து பரீட்சை பார்க்க ஆட்கள் வருகிறார்கள். நானும் வர வேண்டும். அவர்கள் முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்து எழுதிக் காட்ட வேண்டும்.

"லெக்சரர் உங்க வீடியோவ கிளாஸ்ல போட்டாரு தாத்தா! நீங்கதான் ஸ்டார்!"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை வைக்கும்போது, காரணமே இல்லாமல், "நல்லா இருக்கு கண்ணு" என்றேன். வாய் பழகிவிட்டது.

ஏன் அப்படிச் சொன்னேன்? தோட்டத்து லயத்தில், ஒட்டு வீட்டு வரிசையில் வளர்ந்தவன். யார் வீட்டில் என்ன கொடுத்தாலும் குறை சொல்ல மாட்டோம். எங்களை மேய்த்த மண்டோர் வீட்டுக் கல்யாணத்தில் சோறு அடிப்பிடித்துப்போயிருந்தது, எல்லோரும் பிரமாதம் என்று சொல்லித்தான் கை கழுவினோம். அதுவும் இது என் பிள்ளை. மேசையைக் கொண்டுவந்த அன்று அவள் கட்டைவிரலில் பிளாஸ்டர். மரம் அறுக்கும்போது வெட்டிக்கொண்டாளாம். அந்த விரலைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்வது.

ஜூலை 10, வியாழன்

நேற்று எழுதவில்லை. மனது சரியில்லை.

அசாம் ஜாவா ஊர்க் காப்பிக் கடை. பழைய கூட்டாளி காளியப்பன் பிடித்துக்கொண்டான்.

"உன் பேத்தி என்னதான்டா படிக்குது? ஆசாரி வேலையா, தையலா?"
"ரெண்டும்."
"அப்ப ஒரு அலமாரி செஞ்சு, அதுக்கு ஒரு சட்டையும் தைக்கச் சொல்லு லா."

கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மகன் சேகர், யா.வின் அப்பன், இந்தப் படிப்பே வேண்டாம் என்றவன். அக்கவுண்ட்ஸ் படிக்கட்டும் என்றான். "அது கை சும்மா இருக்காதுடா, விடு" என்று சண்டை போட்டு அனுப்பியவன் நான். இன்று அவன் லோரியை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, "புதன்கிழமை நானும் லீவு போடுறேன்ப்பா" என்றான். முகத்தில் அவ்வளவு பெருமை. அவனுக்கு டீ கலக்கினேன். சீனி போட மறந்துபோனேன். அவனும் ஒன்றும் சொல்லாமல் குடித்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இந்த வியாதிதான்.

ஜூலை 11, வெள்ளி

ஒரு வழி தோன்றியது. மேசையில் உட்காரப் பழகிவிட்டால் பொய் உண்மையாகிவிடும்.

மேசையை விரித்தேன். உட்கார்ந்தேன். 'அம்மா' எழுதினேன். நன்றாகவே வந்தது. எழ முடியவில்லை. இந்தப் பக்கம் புரண்டேன், அந்தப் பக்கம் புரண்டேன். அலமாரிக் கதவைப் பிடித்தால் அலமாரியே என் மேல் வருகிறது. கடைசியில் சுவரைத் தட்டி மே.ம்மாவைக் கூப்பிட்டேன்.

மாவுக் கையோடு வந்தாள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்றதுக்குத்தானா அண்ணே என் பைபிள வச்சுப் படிச்சீங்க?"

"உன் பேர விட்டது தப்புதான் மேரிம்மா."

"என் பேரு கெடக்குது. பாப்பாவுக்கு மார்க் வரட்டும், எனக்கும் சந்தோசம்தான். ஆனா இந்த மேசை நல்லதுன்னு நாளைக்கு வேற ஒரு கெழவன் வீட்டுக்குப் போகும். அவன் இப்படிக் கெடந்தா, தட்டுனா கேக்குற தூரத்துல ஒரு மேரி இருப்பாளா?"

போய்விட்டாள். சட்டையில் அவள் மாவுக் கை பதிந்திருந்தது. மாற்றாமலே இருந்தேன்.

ஜூலை 12, சனி

மத்தியானம் நல்ல மழை. யா. ஒத்திகை பார்க்க வந்தாள், மழையோடு மழையாக. தலைகூடத் துவட்டவில்லை, மேசையை விரித்துவிட்டாள்.

"உட்காருங்க தாத்தா."

"கண்ணு, மேசை நல்லா இல்ல."

சொல்லிவிட்டேன். பிறகு நிறுத்த முடியவில்லை. முட்டி, வெளிர்நீலம், பொத்தான், ஓடிப்போகிற பெண், வேட்டி, அலமாரி, மேரிம்மா, நேற்று எழ முடியாமல் கிடந்தது, எல்லாம்.

யா. மேசைக் காலை மடக்கினாள். விரித்தாள். மறுபடி மடக்கினாள்.

"அட்டை ஓரம் எல்லாம் கத்தி மாதிரி இருக்கு தாத்தா," என்றாள். "மூணு மாசம் புழங்குன அட்டை அப்படி இருக்காது. போன மாசமே பார்த்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு பயம்." மூக்கை உறிஞ்சினாள். "நல்லா இருக்குன்னே சொல்லிக்கிட்டு இருங்கன்னு இருந்துச்சு."

அழாதே என்று நான் சொல்லவில்லை. அழவைத்தவன் நான், எந்த வாயால் சொல்வது.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, "நீ தச்சுக் கொடுத்த நோட்டு மட்டும் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

"தாத்தா! அந்த வார்த்தைய மட்டும் இனி சொல்லாதீங்க லா."

நியாயம்தான். என் 'நல்லா இருக்கு' இனி அவளிடம் செல்லாது. ஆனால் இது உண்மை. பெட்டியில் சேராத நோட்டு, மிச்சக் காகிதத்தில் தைத்து, கிறுக்கிப் பழகுங்கள் என்று கொடுத்தது. கோடுகள் அகலம், தடியான கறுப்பு, மடக்கினால் மடங்கும், மெஷின் மேல் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாது. எப்படி நம்பவைப்பது? எடுத்துவந்து கையில் கொடுத்தேன். திறந்துவிடுவாளோ என்று பயம், இதில் என்னென்ன எழுதியிருக்கிறேன்.

திறக்கவில்லை. மூடியபடியே பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். காகித ஓரம் பாதிவரை கறுத்துப்போயிருந்தது. மீதிப் பாதி வெள்ளை. கட்டைவிரலால் அந்தக் கறுப்பை ஒரு தடவை தடவினாள்.

"மஞ்சத்தூள் வேற," என்றாள்.

பிறகு சமையல்கட்டுக்குப் போய் மெஷின் உயரத்தை டேப்பால் அளந்தாள். என் முழங்கை உயரத்தையும். கூச்சமாக இருந்தது. நாலு நாளில் புதிதாக எதுவும் செய்ய முடியாதாம். உள்ளதைத்தான் காட்ட வேண்டுமாம்.

"பாஸ் ஆகிடுவியா கண்ணு?"

"தெரியாது தாத்தா. நீங்க வருவீங்களா? உட்கார வேணாம். எது சரியில்லையோ அத உங்க வாயாலயே சொல்லணும். மேரி பாட்டியையும் கூட்டிட்டு வாங்க."

"உன் முன்னாடியா? உங்க அப்பன் முன்னாடியா?"

"ஆமா."

பொய் சொல்வதே சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில் திரும்பிவிட்டது. மெஷின் நிறையத் துணி.

யா. காலையிலேயே போய்விட்டாள். மேசை, அட்டை, பை எல்லாம் அவளோடு. வேட்டியை உதறி மடித்து வைத்தேன். அலமாரி காலி. சேகரிடம் இன்னும் சொல்லவில்லை. அவன் கோடு போட்ட சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறான், புதன்கிழமைக்கு.

மே.ம்மா எந்தப் புடவை கட்டுவது என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள். அவளே பரீட்சை பார்க்கிறவராக நடித்து எனக்குப் பழக்கம் கொடுத்தாள். தோசைத் தட்டை நீட்டி, "சட்னி எப்படி இருக்கு, சார்?"

"நல்லா..."

"ம்?"

"உப்பு இல்ல."

தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். "புதன்கிழமைக்கு மட்டும் போதும் அண்ணே, இந்த உண்மை."

மெஷின் பிழிய ஆரம்பித்துவிட்டது. எழுத்து ஆடுகிறது, வரியை விட்டு இறங்குகிறது. சேகர் இஸ்திரிப் பெட்டியை அணைக்கிற சத்தம். இப்போதே போய் அவனிடம் சொல்ல வேண்டும், சட்டையை மாட்டுவதற்கு முன். மீதி, புதன் முடிந்து, அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்த பிறகு, அடுத்த வாரம், இதே மெஷின் மேல்