சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்

ஜூலை 8, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியவை: பால், பயத்தம்பருப்பு, டெட்டால், இவருக்கு லுங்கி இரண்டு.
ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். வெட்டி எடுத்த குடல் துண்டின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. லேப் கவுன்டர் ஆள், "ஆஜ் நக்கோ அம்மா, பர்சோங் ஆவ்." இன்று வேண்டாமாம், நாளை மறுநாள் வரணுமாம். மூன்றாவது முறை. பற்றிக்கொண்டு வந்தது.
"என்ன சொன்னான்?" என்றார் இவர். "மழை பெய்யுதாம்." சிரித்தார். தையல் இழுத்ததால் நிறுத்திவிட்டார்.

ஜூலை 10, புதன்
டிபி இல்லை. குடல் டிபி என்று ஐந்து மாதம் மாத்திரை, ஒன்பது கிலோ இளைப்பு, கடைசியில் குடலில் ஓட்டை. இப்போது லிம்ஃபோமாவாம். புற்றுநோய்தான். டி-செல் வகை, சிறுகுடலில் வருவது அபூர்வம். ஸ்கோப்பில் கிள்ளிய துணுக்கில் தெரியாதது துண்டாக வெட்டியதில் தெரிந்ததாம்.
மகள் வித்யா நேராகவே கேட்டுவிட்டாள், எவ்வளவு நாள் என்று. டாக்டர் சொன்னதில் எனக்குப் புரிந்தது: முரட்டு வகை. திரும்ப வரும் குணம். கீமோ ஆறு. மூன்று முடிந்து ஸ்கேன், அதைப் பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும்.
இவர் கேட்டது ஒன்றே ஒன்று. இது தொற்றுமா? தொற்றாது என்றார் டாக்டர். வீட்டில் தனி டம்ளர் என்று இவர் சொன்னதும் டாக்டர் கேட்டார்: குடல் டிபிகூட டம்ளரால் பரவாதே, தனியாக வைக்கச் சொன்னது யார்?
யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் இவர் டம்ளரிலும் தட்டிலும் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்துத் தனியாகக் கவிழ்த்தேன். வித்யாவின் குழந்தைகூட "தாத்தா கிளாஸ் நக்கோ" என்று சொல்லப் பழகிவிட்டது. வெட்கக்கேடு.

ஜூலை 11, வியாழன்
வெயில். கா. 7 மணி, புள்ளியைக் கத்தியால் சுரண்டினேன். புள்ளி போயிற்று, கீறல் நின்றது.
"மன்னிச்சிருங்க."
"இன்ஸ்பெக்‌ஷன்ல முப்பது வருஷம், ஃபாக்டரியில ரிஜெக்ட் ஆன பீஸுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வச்சவன் நான். நீ எனக்கே வச்சுட்டியேடி."
கிண்டலாகத்தான் சொன்னார். அடுப்படிக்குப் போய் அழுதேன். மா. காபி ஒரே டம்ளரில், ஆளுக்குப் பாதி. சர்க்கரை போட மறந்திருக்கிறேன். இவர் தன் பாதியைச் சொட்டு விடாமல் குடித்திருந்தார்.

ஆகஸ்ட் 5, திங்கள்
முதல் கீமோ. நல்ல மழை, ஆட்டோ கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.
நர்ஸ் தெலுங்கில் அடுக்கினாள். வெந்நீர்தான். பச்சைக் காய்கறி கூடாது. காய்ச்சல் என்றால் உடனே வரணும். கடைசியாக, "ஆயன கிளாசு, பிளேட்டு வேரே பெட்டண்டி." அவர் டம்ளரும் தட்டும் தனியாக வைக்கணுமாம். எதிர்ப்பு சக்தி இறங்கும், நம்மிடமிருந்து அவருக்கு எதுவும் தொற்றக் கூடாதாம்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவருக்கு ஒரே சிரிப்பு.
வீட்டுக்கு வந்ததும் நெயில் பாலிஷைத் தேடி எடுத்து நீட்டினார். "எடு உன் டம்ளரை. இந்தத் தடவை ரிஜெக்ட் நீங்கல்லாம்தான்."
வைத்தேன். எனக்கு ஒன்று, வித்யாவுக்கு ஒன்று, குழந்தையின் பால் டம்ளருக்கு ஒன்று. தன் டம்ளரை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாஸ்" என்றார்.
ஸ்கேன் அக்டோபரில்.