நாலாவது பாட்டுக்கு முன்னால்

மயிலாப்பூர்
12.8.1998

அன்பு மகன் ஜெபசிங்குக்கு,

கர்த்தர் உன்னைக் காக்க, அம்மா எழுதுகிறேன். பெசன்ட் நகர் பஸ்ஸில் அரைமணி தூரம். நேரில் வந்தால் வார்த்தை தடித்துவிடும் என்றுதான் தபால்.

உன் பேண்டில் டிரம்ஸ் அடிக்கிற ஷ்ரவண், நெற்றி நிறைய விபூதியோடு வந்து, உங்கள் இரண்டாவது ஆல்பத்தின் மாதிரி கேசட்டைக் கொடுத்தான். "மெட்டல்கோர் மியூசிக் ஆன்ட்டி, சத்தமா இருக்கும், பயப்படாதீங்க" என்றான். பேண்டுக்குக் 'கன்மலை' என்று நீ பேர் வைத்தபோது, வேதத்தில் வருகிறபடி கர்த்தரைத்தான் சொல்கிறாய் என்று நம்பி, முதல் கேசட்டைச் சபையில் நானே விற்றேன். இதில் தொண்டை கிழியக் கத்துகிறாய். அதைக்கூடப் பொறுப்பேன். நாலாவது பாட்டுக்கு முன்னால் அழுவது யார்? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு நான் ஜெபித்தது அது. யாரைக் கேட்டு டேப் பண்ணினாய்? எடுத்துவிடு.

அம்மா
புஷ்பலீலா

பெசன்ட் நகர்
15.8.1998

அன்புள்ள அம்மாவுக்கு,

வேண்டுமென்று பண்ணவில்லை. பக்கத்து ரூமில் கிடாரைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தேன், சுவர் வழியாக விழுந்துவிட்டது. மறுநாள் அப்பா இல்லை. அழிக்க மனசு வரவில்லை.

நீங்கள் பண்ணினால் கதறல், நான் பண்ணினால் கத்தலா? உங்களிடம் கற்றதுதானே அம்மா. அந்தக் குரல் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது. அடுத்த வாரம் மாஸ்டர் டேப் கம்பெனிக்குப் போகிறது. சம்மதம் என்று ஒரு வரி போதும்.

ஜெபசிங்

மயிலாப்பூர்
18.8.1998

ஜெபசிங்,

சம்மதம் இல்லை.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அன்றைக்கு நான் ஆமென் சொல்லாமலே எழுந்திருக்கிறேன். எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அப்பா போன பிறகு எத்தனையோ ஜெபம் பண்ணிவிட்டேன். அது மட்டும் அப்படியே நிற்கிறது. அது கர்த்தருக்கும் எனக்கும் உள்ள கணக்கு. அதைக் கடையில் வைத்து விற்பாயானால் இந்த வீட்டுக் கதவை நீ தட்ட வேண்டாம்.

புஷ்பலீலா

பெசன்ட் நகர்
3.10.1998

அம்மாவுக்கு,

ஆல்பம் வந்துவிட்டது. ஒரு கேசட் இத்துடன். உங்கள் குரலை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கத் தோன்றவில்லை, சத்தமில்லாமல் விட்டிருக்கிறேன். பழுது என்று நினைத்துக் கடையில் திருப்பித் தருகிறார்களாம். தரட்டும்.

ஜெபசிங்

மயிலாப்பூர்
11.10.1998

அன்பு மகன் ஜெபசிங்குக்கு,

கேசட்டைத் திருப்பி அனுப்புகிறேன். கோபத்தில் இல்லை. போட்டுப் பார். அதன் மேல்விளிம்பில் உள்ள ஓட்டையைச் செல்லோடேப்பால் மூடினால் ரெக்கார்ட் பட்டன் அமுங்கும் என்று ஷ்ரவண் சொல்லிக்கொடுத்தான். நீ விட்ட இடத்தில் பதிந்திருக்கிறேன். கை எடுக்க நேரமாகி உன் முதல் கத்தலும் கொஞ்சம் அழிந்துவிட்டது.

புது ஜெபம் ஒன்றும் இல்லை. பழையதில் விட்டுப்போன ஒரு வார்த்தைதான். மெல்லச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. கத்தித்தான் வந்தது. கீழ்வீட்டு ஜானகி மாமி படியேறி ஓடிவந்து, "என்னாச்சு, உங்காத்துப் பிள்ளை வந்துட்டானா?" என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா