அம்புக்குறி இல்லாத செய்தி

அண்ணா,

"எனக்கு வந்துச்சு, நாலு பேருக்கு அனுப்பினேன். இதுல என் தப்பு என்னம்மா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

பள்ளிக்கு வர மாட்டேன் என்று அழுத பிள்ளையை எங்கள் வேன் டிரைவர் தூக்கிவரும் படம். கீழே, 'பிள்ளை பிடிக்கிறவன், உஷார்!' அதை நம்பி அடித்தவர்கள் அவர் விலா எலும்பை முறித்துவிட்டார்கள்.

இன்று வகுப்பில் அதையே பாடமாக எடுத்தேன். உங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒரு மாணவியின் அம்மா போனைக் கொடுத்தனுப்பியிருந்தார். அந்தச் செய்தியைப் பெரிய திரையில் போட்டோம்.

"டீச்சர், வந்ததை அனுப்பினா அம்புக்குறி காட்டும். இதுல இல்லையே! அப்போ இவரேதானே எழுதியிருக்காரு?"

திரையில் உங்கள் நம்பர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தீர்களே, பத்து வயதுப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள்!

"யாரு டீச்சர் இவரு?" என்று வகுப்பே கேட்டது. நல்லவேளை, மணி அடித்துவிட்டது. நாளை முதல் பாடமே அதுதான். நான் சொல்லிவிடுவேன். அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், டிரைவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னமும்
உங்கள் தங்கை