கயிறு கட்டிய பெட்டிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

எபிசன் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டுவலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கிறது?

டேப் ஒட்டிய பெட்டிக்கு மேலே நாம் ஏன் கயிறும் கட்டுகிறோம், யோசித்திருக்கிறீர்களா? இங்கே ஏர்போர்ட்டில் பெட்டி ஓடும் பெல்ட்டில் சிக்குகிறதென்று எங்கள் விமானக் கம்பெனி கயிற்றுப் பெட்டிகளைத் தடுத்தது. திருவனந்தபுரம் பயணிகள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். எங்கள் வேலையும் கொஞ்சம் ஆடியது, இப்போது பயமில்லை.

பயணிகளையும், டிக்கெட் ஏஜெண்டுகளையும், பெட்டி ஏற்றும் எங்களையும் ஒன்றாக உட்காரவைத்து, கயிறு எதற்கென்று எகிப்துக்கார மேனேஜர் கேட்டார். மண்டைக்காட்டுப் பயணி ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கயிறு இல்லேன்னா எதப் பிடிச்சு மக்கா தூக்க?"

அதை நான்தான் இங்கிலீஷில் சொன்னேன். கயிற்று நுனியை டேப்பால் ஒட்டினால் சிக்காது என்றும் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார். திங்கள் முதல் கயிறு கட்டிய பெட்டிக்கு மறுபடி அனுமதி உண்டு. இங்கே வந்த ஏழு வருஷத்தில் என்னிடம் ஒரு யோசனை கேட்டது இதுதான் முதல்முறை.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது. லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் ஷிஜின் இங்கே திரும்பி வரும்போது ஏத்தங்காய் சிப்ஸ் கொடுத்துவிடுங்கள். பெட்டியை நீங்களே கட்டி, நாலு பக்கமும் என் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். தினமும் நம்மூருக்குப் பெட்டி ஏற்றுகிறேன். எனக்கு வரும் ஒன்றை நானே இறக்க வேண்டும்.

எபிசன்