தற்காலிகமாக நின்ற ரயிலும் நம் தெற்குப் புஞ்சையும்

சாத்தூர்,
18.6.2006

அன்பு மகன் ஆசிப்புக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இறைவன் கிருபையில் நானும் உன் அம்மாவும் உன் தங்கை அப்ரினும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைத் தொலைபேசியில் கேட்டால் "நல்லாருக்கேன்த்தா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உன் சேக்காளி காளிராஜின் விஷயத்துக்குத் தாவிவிடுகிறாய், ஆகையால் ஷார்ஜாவில் வெயில் எப்படி, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையெல்லாம் எழுத்தில் தெரிவி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்தது. குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும் என்றேன்; "வலியே போயிருச்சு, மாத்திரை எதுக்கு" என்றாள். இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் இதே கதைதான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வெள்ளூரணி ரயில் லைனை ஒட்டிய நம் தெற்குப் புஞ்சையைப் பட்டாசுச் சரக்கை அடுக்கி வைக்கும் கிட்டங்கி கட்டக் காளிராஜுக்குக் கொடுப்பது, அதற்கு ஈடாக அவனுடைய கம்பெனியில் நீ பங்குதாரராகி ஊரோடு வந்துவிடுவது என்பது உங்கள் திட்டம். ரயில் பாதையிலிருந்து குறிப்பிட்ட தூரம் தள்ளித்தான் வெடிச் சரக்கை வைக்கலாம் என்ற விதியால் அந்த இடம் இதுவரை எதற்கும் ஆகவில்லை, இப்போது ரயில் இல்லை, ஆகவே தடையும் இல்லை. "ரூல்லயே இடம் இருக்குத்தா" என்று சிரித்தாய். எதற்கும் ரூலைப் பார் என்று நான் உன்னை வளர்த்த லட்சணம் எனக்கே திரும்பி வந்தது. அந்த லைன் எப்படி இல்லாமல் போயிற்று என்பதையாவது ஒழுங்காகத் தெரிந்துகொள். வெள்ளைக்காரன் காலத்தில் வெள்ளூரணிப் பருத்தியை ஏற்றுவதற்காகப் போட்ட மீட்டர்கேஜ் கிளைப் பாதை அது. பிற்பாடு தீப்பெட்டிக் கட்டுகளும் அதில்தான் வந்தன. சாத்தூர் வழியாகப் போகும் பெரிய லைனை அகலப் பாதையாக்கியபோது இந்தச் சின்ன லைனை அப்படியே விட்டுவிட்டார்கள். அன்று முதல் ஒவ்வொரு மூட்டையையும் சாத்தூரில் இறக்கி அகல வண்டியில் ஏற்ற வேண்டியதாயிற்று, எந்த வியாபாரி பொறுப்பான், லோடெல்லாம் லாரிக்குப் போனது. லோடு இல்லையென்று வண்டியைக் குறைத்தார்கள், வண்டி குறைந்ததால் ஆள் வரவில்லை, ஆள் வரவில்லையென்று 'தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது' என்று ஸ்டேஷனில் பலகை வைத்தார்கள். நீ அப்போது ஏழாம் வகுப்பு. தண்டவாளத்தைப் பெயர்த்து ஏலம் விட்ட பிறகும் அந்தப் பலகை நிற்கிறது. ஒன்று வண்டியை விடுங்கள், இல்லையேல் 'நிரந்தரமாக' என்று திருத்துங்கள் என நான் போட்ட மனுக்களுக்கு இன்று வரை பதில் இல்லை.

சென்ற மாதம் காளிராஜ் வற்புறுத்தி அழைத்ததால் புஞ்சையைப் பார்க்கப் போனேன். லைன் இருந்த மேட்டின் மீது வெள்ளூரணிப் பெண்கள் பட்டாசு வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோடு சுற்று, அவர்களுக்கு லைன்தான் வழி. தண்டவாளம் இருந்த காலத்துப் பழக்கத்தில் இன்னமும் ஒற்றை வரிசையாகவே நடக்கிறார்கள். காளிராஜ் அவர்களை மறித்து, "இனிமே இங்கிட்டு வரக் கூடாதுக்கா, கிட்டங்கி வரப்போவுது" என்றான். முன்னால் வந்த ராமுத்தாய், நம் பேப்பர் கடையில் முன்பு வேலை பார்த்தவள்தான், "ரயிலு போனப்ப வெடியத் தள்ளி வையின்னு ரூலு இருந்துச்சாம்ல தம்பி, நாங்க போனா கெடையாதா" என்று கேட்டாள். "அது ரயில் பாதைக்கு உள்ள ரூலுக்கா" என்றான் இவன். "அம்புட்டுத்தானா? ஏ பத்திரகாளி, கூவுடி, ரயிலாவே போயிருவோம்" என்றாள் அவள். பின்னால் நின்றவள் கூவ, ஒவ்வொருத்தியும் முன்னால் இருப்பவளின் முந்தானையைப் பிடித்துக்கொள்ள, வரிசை முழுவதும் தூக்குச்சட்டிகள் ஆட எங்களைக் கடந்து போயிற்று. காளிராஜ் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து விதிகளைப் படித்தேன். அவன் சொன்னது சரி. ரயில்வே நிலத்தில் நடப்பவர்கள் சட்டப்படி அத்துமீறுபவர்கள், அவர்களுக்காக ஓரடிகூடத் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பொதுப் பாதை என்று ஒன்று இருந்தால் ரயில் பாதைக்கு விடுவது போலவே அதற்கும் தூரம் விட வேண்டும். ஆகவே நம் புஞ்சையின் வடக்கு ஓரத்தில், லைனை ஒட்டியே, ஒரு பாதைக்கான இடத்தை ஊராட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்துவிட்டேன், தீர்மானமும் ஆயிற்று. விட வேண்டிய தூரத்தை விட்டால் மிச்ச நிலத்தில் கிட்டங்கி கட்ட இடமில்லை. உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்டிருந்தால் மறுத்திருப்பாய், நீ மறுத்த பிறகு செய்வது இன்னும் மோசம். உன் அம்மா, "மகன் வர்ற வழிய அடச்சுட்டு ஊருக்கு வழி விட்டீகளாக்கும்" என்று கேட்டாள். அதன் பிறகு அப்ரின் மூலமாகத்தான் என்னோடு பேசுகிறாள். நீ வர வேண்டாம் என்று நான் எழுதவில்லை. கடையில் உனக்கு இடம் உண்டு. நான் எதற்கெடுத்தாலும் குறை சொல்வேன் என்று நீ தயங்குவதும் தெரியும். சொல்லத்தான் செய்வேன், இருந்தாலும் வா.

காளிராஜுக்கு நீயே போன் செய்து, ரூல்ல இடமில்லை என்று சொல்லிவிடு, அது பொய்யுமில்லை. விசா முடிவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள், கடைசி வாரம் வரை காத்திருக்காதே. தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான சம்பாத்தியத்தையும் தருவானாக. அம்மாவின் துஆவும் இதில் சேர்த்தி, அவள் என்னிடம் சொல்லாவிட்டாலும்.

இப்படிக்கு,
உன் அத்தா,
மு. ஜெகபர் அலி

பின்குறிப்பு: இரண்டு லாரிகள் ஒதுங்கும் அகலத்துக்குப் பாதை விட்டிருக்கிறேன். நேற்றுப் போய்ப் பார்த்தேன். பெண்கள் மேட்டை விட்டு இறங்கிப் புதுப் பாதையில்தான் போகிறார்கள், ஆனால் இன்னமும் ஒற்றை வரிசையில். இது பொதுப் பாதை, சேர்ந்தே நடக்கலாம் என்று எடுத்துச் சொன்னேன். "ரயிலு எங்கன மொதலாளி அகலமாப் போகும்" என்கிறாள் ராமுத்தாய்.